ஒரு குலத்து மருந்துகள்



இராசிபுரத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் என் தமையனார் புற்றுநோயால் படுத்திருந்தார். சேலத்து மருத்துவர் அளித்த மார்பின் மாத்திரையால் அவர் வேதனை தணிந்தது. அதைக் கண்ட அண்டை வீட்டார் தம் முழங்கால் வலிக்கு ஒன்று கேட்டார். நான் மறுத்தேன், அவர் வருந்தினார். அன்று அவரிடம் கூறிய காரணத்தை இன்று உங்களுக்கும் கூறுகின்றேன்.

அபினிலிருந்து மார்பினை முதலில் பிரித்தெடுத்தவர் செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானியர். கோடீனும் அபினில் உள்ளதே. 1832-இல் ரொபிக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டறிந்தார். அதன் ஆற்றல் மார்பினில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஈரல் அதனை மார்பினாக மாற்றிய பின்னரே பெரும்பாலும் வலி தணியும். அம்மாற்றம் சிலரிடம் மிகக் குறைவு, சிலரிடம் மிக அதிகம். டிரமடாலும் ஃபென்டனிலும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பெற்றவை. முன்னது மார்பினினும் மெலியது; எனினும் சிலருக்கு வலிப்பை உண்டாக்கும். பின்னதோ மார்பினினும் ஏறத்தாழ நூறு மடங்கு வலியது.

அளவு மிகுந்தால் இவையனைத்தும் மூச்சை அடக்கும். நாளடைவில் பழகிய உடல் தாங்கும் அளவைப் பழகாத உடல் தாங்காது. தமையனாருக்கு அமைதி தந்த மாத்திரை அண்டை வீட்டாருக்கு நஞ்சாகியிருக்கலாம்.

ஆயினும், மருத்துவர் அளந்து தரும்போது அஞ்சி மறுத்தலும் பிழையே. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், நோயாளிகளுக்கு இத்தகைய மருந்துகள் எளிதில் கிட்டுமாறு 2014-இல் திருத்தப்பெற்றது. வலியுற்றவருக்கு மருந்தை மறுத்தல் இரக்கமின்மை; ஒருவருக்கு அளந்ததைப் பிறருக்கு ஈதல் அறியாமை. இவ்விரண்டையும் நீங்கள் தவிர்ப்பீர்களாக.