வேண்டுவார்க்கே காட்சி

வானொலி ஒரே குரலை எங்கும் பரப்புகிறது, விரும்புவோர் கேட்கின்றனர். ஓசூரை அடுத்த அத்திபெலே போன்ற தொழிற்பேட்டைகளில், ஒரு காவற்கேமராவின் காட்சியைப் பல அறைகளில் ஒருங்கே காட்டவல்ல ‘மல்டிகாஸ்ட்’ முறையும் அத்தகையதே. 1989-இல் ஸ்டீவ் டீரிங் இதற்குரிய நெறிகளை வெளியிட்டார்.

ஆயின், வலையமைப்பு சுவிட்சு அக்காட்சியை எல்லா இணைப்புகளிலும் வெள்ளமெனப் பாய்ச்சிவிடும். வேண்டாத கருவிகளும் திணறும். அதில் ‘ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்’ இயக்கப்பட்டால், கருவிகளின் விண்ணப்பங்களைச் செவிமடுத்து, வேண்டியவற்றுக்கு மட்டுமே அளிக்கும்.

அதுமட்டும் போதாது. 125 நொடிக்கு ஒருமுறை, ‘யாருக்கு வேண்டும்?’ என வினவும் ‘குவெரியர்’ ஒன்றையும் அமைத்தல் வேண்டும். வினவுவார் இல்லையேல் விண்ணப்பங்கள் புதுப்பிக்கப்படா. வழக்கமான அமைப்பில் 260 நொடியில் பட்டியல் கலைந்து, பெரும்பாலும் திரை இருண்டுபோகும். காவலறையில் இருப்பவரோ, கேமரா பழுதென்று எண்ணி அதனைக் கழற்றுவார். குறை கேமராவில் இல்லை. கேட்பாரற்ற வலையில் உள்ளது.