சோறு வைத்தால் போதுமா?

கண் கலங்கப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே!

தெருப்பூனைக்கு நாம் செய்கிற பெரிய உதவி பசியாற்றுவதா, பெருக்கத்தைத் தடுப்பதா? இதுதான் தலைப்பு. சகோதரி கேட்டாங்க, "பசிக்கு அழுகிற உயிர்கிட்ட கணக்குப் பார்க்கலாமா?"ன்னு. கணக்குப் பார்க்காம சோறு வெச்சவன்தாங்க நானும். அதனாலதான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன். (சிரிப்பு)

எனக்கு அரியலூர் மாவட்டம், விக்கிரமங்கலம். வீட்டுல நெல்லு மூட்டை இருந்தா எலி வரும். அதனால பூனையை யாரும் விரட்ட மாட்டோம். ஒரு ஐப்பசி மழையில எங்க திண்ணையில வந்து ஒதுங்குச்சு ஒரு வரிப்பூனை. அம்மா கருவாட்டுத் தலையும் சோறும் பிசைஞ்சு வெச்சாங்க. தை மாசம் நாலு குட்டி. அடுத்த ஐப்பசியில எண்ணிப் பார்த்தா பதிமூணு! ரேஷன் கார்டுல பேர் சேர்க்காததுதான் பாக்கி. (சிரிப்பு)

எப்படி? பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினை பிடிக்கும். பெண் குட்டி ஆறு மாசத்துல, சிலது அதுக்கும் முன்னாலேயே, சினைக்குத் தயார். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே வீட்டுல, ஒரே மாசத்துல பிரசவம்!

பக்கத்து வீட்டு அத்தை வடகம் காயப் போட முடியலைன்னாங்க. ராத்திரி கடுவன் சண்டையில தெருவே தூங்கல. ஒரு நாள் நான், என் கையாலேயே, அஞ்சு குட்டிகளைச் சாக்குல போட்டு, அரியலூர் போற வழியில ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால விட்டுட்டு வந்தேன். "எச்சில் இலை விழும், பொழைச்சுக்கும்"னு எனக்கு நானே சமாதானம்.

மூணு ராத்திரி அந்த வரிப்பூனை வைக்கோல் போரெல்லாம் தேடிக் கத்துச்சு. அம்மா என்கிட்ட பேசவே இல்ல. நாலாம் நாள் ஓடினேன். ரெண்டு கிடைச்சுது. மூணு என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்தச் சட்டம் வரப் பாடுபட்டவர் நம்ம ருக்மிணி தேவி அருண்டேல்.

சென்னையில தெருநாயைப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டே இருந்தாங்க, நாய் குறையல. புளூ கிராஸ் 1964-லேயே கருத்தடை வழியைக் காட்டுச்சு. மாநகராட்சி அதை ஏத்துக்கிட்டது 1996-ல. நாய்க்கே முப்பது வருஷம் ஆச்சுன்னா, பூனையைப் பத்தி யார் நினைக்கிறது?

நாங்க நினைச்சோம். கொள்ளிடம் தாண்டி, தஞ்சாவூர் தாண்டி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ரெண்டு ரெண்டாக் கொண்டுபோனோம். மூடி போட்ட கூடையில பூனை. கண்டக்டர் கேட்டார், "இதுக்கு ஆள் டிக்கெட்டா, லக்கேஜா?" (பலத்த சிரிப்பு) முந்தின ராத்திரி அதுக்குச் சோறு கிடையாது, மயக்க மருந்து கொடுக்கணுமே! ஆபரேஷன், வெறிநோய்த் தடுப்பூசி, மயக்கத்துலேயே காது நுனியில ஒரு சின்ன வெட்டு. ஆபரேஷன் ஆனதுன்னு அதுதான் அடையாளம். மறுபடி பிடிக்க வேண்டாம். இன்னொண்ணு, தலைப்புக்குச் சம்பந்தமில்லைதான்: காய்ச்சலாயிருக்கேன்னு நம்ம பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துடாதீங்க. அதுக்கு அது விஷம்.

சகோதரி, நான் சோறு வேண்டாம்னு சொல்லல. தினமும் ஒரே நேரத்துக்குச் சோறு வெச்சதாலதான் எங்களால பிடிக்கவே முடிஞ்சுது. ஆனா சோத்தோட நிறுத்தினா, அடுத்த சாக்கை நாமதான் தைச்சுக்கிட்டிருக்கோம்! (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுறார், முடிச்சுக்கிறேன். இப்ப எங்க திண்ணையில பத்துப் பூனை. ரெண்டு வருஷமா அதே பத்து. அம்மா தட்டைத் தட்டினா எல்லாம் வந்துடும். அந்த வரிப்பூனை மட்டும், நான் வெச்சா இன்னும் சாப்பிடாது. அம்மா வெச்சாத்தான்.