நூலக வரிக்குக் கணக்குக் கேளுங்கள்!



வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் 'நூலக வரி' என்று தனியாகப் போட்டிருக்கும். 100 ரூபாய் வீட்டு வரிக்கு 10 ரூபாய். ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். இந்த வரி ஒரு சட்டத்தால் வந்தது. நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1948-லேயே அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது சென்னை மாகாணம்.

கட்டிய பணத்துக்கு நம் பிள்ளைகள் கண்ட பலன் என்ன? பள்ளி விட்டு ஓடி வந்தால் எத்தனையோ ஊர்களில் நூலகக் கதவில் பூட்டு! திறந்திருந்தாலும் சிறுவர் புத்தகங்கள் பீரோவுக்குள். கண்ணாடி வழியாக அட்டைப்படம் பார்க்கலாம், எடுக்கக் கூடாது. கேட்டால், "கிழித்துவிடுவார்கள்" என்கிறார்கள். கிழியட்டுமே! படித்துக் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். கரையான் தின்றால் யார் ஒட்டுவது? நூலகரை நான் குறை சொல்லவில்லை. கூட்டுவதும் அவர்தான், பதிவேடு எழுதுவதும் அவர்தான்.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டும் நமக்குப் பெருமை. ஆனால் உசிலம்பட்டிப் பிள்ளை ஒரு கதைப் புத்தகத்துக்காகத் தினமும் மதுரைக்கு பஸ் ஏறுமா?

அருங்காட்சியகத்திலும் இதே கதைதான். கீழடிக்குச் சுற்றுலா என்று பஸ்ஸில் ஏற்றுகிறோம். "தொடாதே, நிற்காதே, நகரு" என்று விரட்டி வெளியே கொண்டுவந்து விடுகிறோம். அங்கே பழங்காலப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று ஒரு பேர் கீறியிருக்கிறது. ஆசிரியர்களே, அந்த ஓட்டின் முன்னால் பிள்ளைகளை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அந்த எழுத்தைப் பார்த்து நோட்டில் வரையச் சொல்லுங்கள். பானையில் எதற்குப் பேர் எழுதினார்கள், எழுதியவருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது யார் என்று பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்வியைப் பரீட்சைக் கைடு கொடுக்காது.

நூலகக் கதவு திறக்க நாம் செய்ய வேண்டியது இதுதான். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். அத்தனை பேரும் வாருங்கள். நம் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு என்று கேளுங்கள். பள்ளி விட்ட பிறகு இரவு எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும், சிறுவர் பீரோவின் பூட்டைக் கழற்ற வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும்வரை எழுந்து போகாதீர்கள்!