வேலியோரப் புதரும் ஒரு வகுப்பறைதான்

(செந்துறை வட்டாரக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்ய ஜேசிபி வந்தது. பாம்பு வந்துவிடுமே என்ற பயத்தில், "சுவர் வரைக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்று சொன்னது நான்தான். சீமைக்கருவேலத்தோடு ஆவாரை, எருக்கு, சூரை, சங்கஞ்செடி எல்லாம் போயின. வளாகம் பளிச்சென்று ஆனது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

அந்த ஆண்டு பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்தும்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் பிள்ளைகளை வேலியோரம் அழைத்துப் போவேன். ஆவாரை இலையில் நெல்மணியைவிடச் சிறிய முட்டை நின்றபடி ஒட்டியிருக்கும். பக்கத்துக் கிளையில் பச்சைப் புழு இருக்கும். அந்த ஆண்டு படம் ஒட்டித்தான் நடத்தினேன். "அந்தப் புழுவெல்லாம் எங்க போச்சு டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

பட்டாம்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் எந்தச் செடியிலும் முட்டை வைத்துவிடாது. வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகப் பறக்கும் ஒரு பட்டாம்பூச்சிக்கு ஆவாரை வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். உன்னிச்செடி அழகாகப் பூக்கும், தேனும் தரும். ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி, அதன் இலையைத் தின்று வளரும் நம் ஊர்ப் புழுக்கள் அரிது. அது சாப்பாட்டுக் கடை மாதிரி. ஆவாரை, பிள்ளை வளரும் வீடு.

ஆவாரைப் பூவில் இன்னொரு பாடமும் உண்டு. அதன் மகரந்தப்பை நுனித் துளை வழியாகத்தான் திறக்கும். பிள்ளைகள் கருவண்டு என்று சொல்லும் தச்சுத் தேனீ, பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும், மகரந்தம் உதிரும். கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இதே அமைப்புதான். வேலியில் ஆவாரை இருந்தால் அந்தத் தேனீக்குக் கத்தரி பூக்காத நாளிலும் உணவு கிடைக்கும்.

பூச்சி இருக்கும் இடத்தில் சிலந்தி இருக்கும். உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டில் 50,000ஐ எட்டியது. எல்லாமே வலை பின்னுவதில்லை. நண்டுச் சிலந்தி பூவிலேயே பதுங்கி இரை பிடிக்கும். வலை பின்னும் சிலந்திக்கோ கிளைகள் வேண்டும். முள் நெருங்கிய சூரைப் புதரில் வலை கட்ட எத்தனையோ முனைகள் இருக்கின்றன. வெட்டவெளியில் எதில் கட்டும்? புதருக்கு அடியில் நிழலும் சருகும் இருப்பதால், நம் கோடையிலும் அங்கே சிற்றுயிர்கள் தாக்குப்பிடிக்கும். நம் முந்திரிக் கொல்லைகளில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் செவ்வெறும்பையும் சிலந்திகளையும் நாம் கூலி கொடுத்து வைக்கவில்லையே!

பிறகு பின்பக்கச் சுவரோரம் மட்டும் ஒரு பட்டையை விட்டுவைத்தோம். சீமைக்கருவேலம் முளைத்தால் பிடுங்கினோம். மழைக்கு முன் ஆவாரை விதை தூவினோம். எருக்கு காற்றில் தானே வந்தது. இப்போது அங்கே மீண்டும் முட்டை பார்க்கிறோம்.

உங்கள் பள்ளியில் செய்ய எளிய செயல்பாடு ஒன்று. காலையில் வெள்ளைத் துணியைப் புதருக்கு அடியில் விரித்து, கிளையைக் குச்சியால் மெல்லத் தட்டுங்கள். விழுவதை ஆறு கால், எட்டுக் கால் என்று பிள்ளைகள் பிரிக்கட்டும், வரையட்டும், பிறகு புதரிலேயே விட்டுவிடட்டும். ஒரு நாள் ஆவாரையில், மறுநாள் சீமைக்கருவேலத்தில் செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். முடிவை நாம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். கம்பளிப்புழுவைத் தொடக்கூடாது; எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.

பாம்பு பயம் நியாயமானதுதான். வகுப்பறை, கழிப்பறை, நடைபாதை ஓரங்கள் சுத்தமாகவே இருக்கட்டும். பிள்ளைகள் ஆசிரியரோடு மட்டும் புதர்ப்பக்கம் போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை ஜேசிபி வரும்போது, எதை எடுப்பது, எதை விடுவது என்று செடியின் பெயர் தெரிந்த ஒருவர் அருகில் நில்லுங்கள். நான் அன்று நின்றேன், பெயரும் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை.