சிறு தொழிலும் சிந்திக்கும் இயந்திரமும்

1955-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்திய அரசாங்கம் தேசியச் சிறுதொழில் கழகத்தை நிறுவியது. கையில் தொழில் இருந்தும் கடைசல் இயந்திரம் வாங்கப் பொருளில்லாதிருந்த பட்டறைக்காரர்களுக்கு அக்கழகம் தவணை முறையில் இயந்திரங்களை அளித்து வந்தது. அரசாங்கத்திற்கு வேண்டிய பொருள்களுக்கான ஒப்பந்தங்களைச் சிறு பட்டறைகளுக்குப் பெற்றுத் தருவதும் அதன் பணியாக இருந்தது. இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு விற்பனைக்கு வழி செய்யாவிடில், பட்டறைக்காரருக்குக் கடன் ஒன்றே மிஞ்சும் என்பதை அதை நிறுவியவர்கள் அறிந்திருந்தனர்.

அந்தப் பழைய பாடம் இன்று புதியதொரு துறையில் மீண்டும் பயன்படக் காத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தொழிலில் ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து தொடங்கும் சிறு நிறுவனங்கள் நம் நாட்டில் பல உள்ளன. அவற்றிற்கும் வேண்டுவன மூன்று: இயந்திரம், மூலப்பொருள், வாடிக்கையாளர்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். கணினிக்கு மொழியையோ படத்தையோ கற்பிப்பதற்கு ஜி.பி.யு. என்னும் விலையுயர்ந்த சில்லுகள் பல ஒருங்கே இயங்க வேண்டும். சிறு நிறுவனம் எதுவும் இவற்றைத் தானே வாங்குதல் அரிது. இக்குறையைப் போக்கும் நோக்கமும் கொண்டு, 2024 மார்ச் 7-ஆம் நாள் மத்திய அமைச்சரவை இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 10,372 கோடி ரூபாய் இதற்கென ஒதுக்கப்பட்டது. தனியார் கணினி நிலையங்களிடம் விலை கோரி, அவற்றின் சில்லுகளைக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்வது இதன் முறை. 2025-ஆம் ஆண்டிற்குள் 38,000-க்கு மேற்பட்ட சில்லுகள் இத்திட்டத்தின்கீழ் வந்தன. மானியம் போக வாடகை மணிக்குச் சுமார் 65 ரூபாய்.

இவ்வாடகை குறைவே. ஆயினும் 64 சில்லுகளை ஒரு மாதம் ஓயாது இயக்கினால் ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய் ஆகிவிடும். வருமானம் தொடங்காத நிறுவனத்திற்கு அதுவும் பெருந்தொகையே.

இரண்டாவது, மூலப்பொருள். நெசவுக்கு நூல் எப்படியோ, இத்தொழிலுக்கு எழுத்தும் பேச்சும் அப்படி. ஆங்கிலத்தில் இது மலைபோல் குவிந்து கிடக்கிறது. நம் மொழிகளில் அவ்வாறில்லை. 2022-இல் தொடங்கிய பாஷிணி இயக்கமும், 2025 மார்ச்சில் திறக்கப்பட்ட ஏ.ஐ.கோஷ் என்னும் தரவுக் களஞ்சியமும் இக்குறையை நீக்க எழுந்தவை. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏ.ஐ.ஃபார் பாரத் ஆய்வுக் குழுவினர், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் பொருந்தும் மொழிபெயர்ப்பு மாதிரி ஒன்றை 2023-இல் யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். சிறு நிறுவனங்களுக்கு இது பேருதவி.

ஆயினும் மூலப்பொருள் மிகுதியாக இருந்தால் மட்டும் போதாது. பழுதற்றதாகவும் இருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். அலுவலகக் கோப்புகளில் அடிக்கடி வரும் ‘சாங்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒப்புதல் என்றும் பொருளுண்டு; தண்டனைத் தடை என்றும் பொருளுண்டு. ஒரு விதவைக்கு ஓய்வூதியம் அளிக்க ஒப்புதல் தந்த ஆணையில் இயந்திரம் ‘தடை’ என்று எழுதிவிட்டால், அந்த அம்மையார் யாரிடம் சென்று முறையிடுவார்? இத்தகைய பிழைகளைக் களைவதற்கு வேண்டிய சரிபார்த்த இருமொழி வாசகங்கள் அரசாங்க அலுவலகங்களின் அலமாரிகளிலேயே ஏராளமாக இருக்கின்றன. மக்களின் சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தி வழங்கினால், அது பல கோடி ரூபாய் மானியத்திற்கு ஈடாகும். இயந்திரம் தேர்ச்சி பெற்றால் என் போன்றோரின் வேலை என்னாகும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வி நியாயமானதே. முதற்படியை இயந்திரம் எழுதக்கூடும். அந்த ஆணைக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட ஒரு மனிதர் எப்போதும் வேண்டும் என்பதே என் விடை.

மூன்றாவதே மிக முக்கியமானது, அதுவே வாடிக்கையாளர். 2025-இல் அடிப்படை மொழி மாதிரிகளை உருவாக்கப் பெங்களூரின் சர்வம் நிறுவனத்தை அரசாங்கம் முதலில் தேர்ந்தெடுத்தது. பின்னர் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்தன. அது தேவையான பணியே. ஆனால் பெரிய மாதிரிகள் ஆக்குவோர் சிலர். அவற்றைக் கொண்டு உழவருக்கோ மருத்துவமனைக்கோ நீதிமன்றத்திற்கோ உதவும் சிறு கருவிகள் செய்வோர் பலர். இவர்களுக்கு முதல் வாடிக்கையாளராக அமையத்தக்கது அரசாங்கமே.

இதற்கான விதிகள் முன்னரே இருக்கின்றன. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் நூற்றுக்கு 25 பங்கைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது கொள்கை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்களுக்குரிய பணத்தை மிகுந்தால் 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி. விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரிடமே வழக்காடினால் அடுத்த வேலை கிடைக்குமோ என்று அஞ்சும் சிறு தொழிலதிபர், வட்டியைக் கேட்கத் தயங்குகிறார். சம்பள நாள் மட்டும் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே இத்துறைக்கு அரசாங்கம் செய்யும் உதவியை, எத்தனை சில்லுகள் கிடைத்தன என்ற கணக்கால் மட்டும் அளத்தல் ஆகாது. எத்தனை சிறு நிறுவனங்களின் கருவிகள் அரசாங்க அலுவலகங்களில் நேர்மையாகச் சோதிக்கப்பட்டன, எத்தனை தேறின, தேறியவற்றிற்கு உரிய பணம் உரிய நாளில் சேர்ந்ததா என்ற கணக்கும் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். தேறாதவற்றை மறுப்பதும் உதவியின் ஒரு பகுதியே. பொதுமக்களின் பணம் அதில் இருக்கிறது.

கடைசல் இயந்திரம் கொடுத்த காலத்தில், அதில் கடைந்த திருகாணியை வாங்கவும் ஒரு கை நீண்டது. இன்றும் அந்தக் கை நீளுமானால், நம் மொழிகளில் பேசும் இயந்திரங்களை நம் சிறு தொழிலாளரே ஆக்குவர்.