நூற்றொரு நாள் அடுப்பில் இருந்த தண்ணீர்



நான் வேலை பார்த்த பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. எடைக்கல்லை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் வியர்வை பட்டால்கூட எடை மாறிவிடும். முள் ஆடி அடங்கும்வரை பிள்ளைகளை மூச்சை மெதுவாக விடச் சொல்வேன். அதனால்தானோ என்னவோ, ஆந்துவான் லவாய்சியரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் எனக்கு முதலில் அவருடைய தராசுதான் கண்ணில் நின்றது.

1743-ல் பாரிஸில் பிறந்தார். படித்தது சட்டம். மனசு போனது வேதியியலில்.

தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே இருந்தால் அது மண்ணாக மாறும் என்று அந்தக் காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. நன்றாக வடித்தெடுத்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ரொம்ப நாள் காய்ச்சினாலும், அடியில் கொஞ்சம் பொடி தங்கும். எங்கிருந்து வந்தது அந்தப் பொடி?

லவாய்சியர் ஒரு குடுவையை எடுத்தார். கூழைக்கடா தன் அலகை மார்போடு சேர்த்து வைத்திருக்குமே, அப்படி அதன் தலையிலிருந்து குழாய் வளைந்து வயிற்றுக்குள் இறங்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, திரும்ப உள்ளேயே விழும். அதற்குப் பெயரே பெலிக்கன். வெறும் குடுவையை நிறுத்தார். தண்ணீர் ஊற்றி, வாயை அடைத்து மறுபடி நிறுத்தார். 1768 அக்டோபர் 24 அன்று சூடேற்றத் தொடங்கியவர், அடுத்த பிப்ரவரி 1 அன்றுதான் நிறுத்தினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 101 நாள்!

பொடி வந்திருந்தது. மொத்த எடை மாறவில்லை. ஆக, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. பிறகு தண்ணீரைக் கொட்டி, குடுவையைக் காயவைத்துத் தனியாக நிறுத்தார். குடுவை இளைத்திருந்தது. அது இழந்த எடையும் பொடியின் எடையும் ஏறக்குறைய ஒன்று. தண்ணீர் மண்ணாகவில்லை, கண்ணாடிதான் கரைந்திருக்கிறது. அப்போது அவருக்கு வயது 25. எத்தனை முறை இந்தக் கதையைப் பாடத்தில் சொன்னாலும் எனக்கு அலுத்ததே இல்லை.

இங்கே என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மக்னீசியம் நாடாவை மூசையில் வைத்து எரித்து, முன்னும் பின்னும் நிறுக்கச் சொன்னேன். ஒரு பெண்ணின் நோட்டில் சாம்பலின் எடை குறைவாக எழுதியிருந்தது. உற்றுப் பார்த்தால், அடியில் ரப்பரால் அழித்த வேறொரு எண். "எரிஞ்சா குறையணும்தானே மிஸ், அதான் மாத்திட்டேன்" என்றாள். அழித்த எண்தான் சரி. எரிந்தபின் எடை கூடத்தான் செய்யும்.

அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஐரோப்பாவின் பெரிய பெரிய அறிஞர்களே அதைத்தானே செய்தார்கள்! எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்றார்கள். வெளியேறினால் எடை ஏன் கூடுகிறது என்று கேட்டால், அதன் எடையே எதிர்மறை என்று சிலர் சமாளித்தார்கள். லவாய்சியர் எண்ணை அழிக்கவில்லை, கொள்கையை அழித்தார். 1774-ல் இங்கிலாந்தின் வேதியியலாளர் பிரீஸ்ட்லி பாரிஸுக்கு வந்தபோது, ஒரு விருந்தில், சிவப்புப் பாதரசப் பொடியிலிருந்து தான் பிரித்த வாயுவைப் பற்றி லவாய்சியரிடம் சொன்னார். பிறகு லவாய்சியர் பாதரசத்தை 12 நாள் அடைத்த காற்றில் சூடாக்கினார். காற்று குறைந்தது, சிவப்புப் பொடி வந்தது. அந்தப் பொடியை இன்னும் சூடாக்க, குறைந்துபோன அதே அளவு வாயு அப்படியே திரும்பி வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் ஆக்சிஜன்.

நேரம் ஓடுகிறது, ஆனால் லவாய்சியரின் மனைவி மரி ஆனைச் சொல்லாமல் போக மாட்டேன். கல்யாணத்தின்போது அவருக்கு 13 வயது. கணவருக்காக ஆங்கிலம் படித்து நூல்களை மொழிபெயர்த்தார். 33 தனிமங்களின் பட்டியலோடு 1789-ல் வந்த கணவரின் பாடநூலுக்கு 13 படத்தகடுகளையும் அவரே வரைந்தார். கருவிகள் அன்றைக்கு எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிவது அவர் கையால்தான்.

அருமையான தராசுகள் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? மன்னருக்காக வரி வசூலித்த நிறுவனத்தில் லவாய்சியர் ஒரு பங்குதாரர். உப்புக்குக்கூட வரி கட்டி நொந்த ஜனங்களின் கோபம் நியாயமானது. பிரெஞ்சுப் புரட்சி அந்தப் பங்குதாரர்களைப் பிடித்தது. 1794 மே 8 அன்று லவாய்சியரும் கில்லட்டினில் ஏறினார். வயது 50. அதே நாளில், அதே இடத்தில் மரி ஆனின் அப்பாவும் இறந்தார். பறிமுதலானதில் மிஞ்சியதை மீட்டு, கணவரின் கட்டுரைகளை 1805-ல் நூலாக்கினார் அந்த அம்மாள்.

லவாய்சியருடைய ஆய்வுக்கூடத்துத் தராசு பாரிஸின் கலை, கைத்தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் இன்னும் பார்த்ததில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது, உங்கள் வீட்டுப் பிள்ளையாவது, ஒருநாள் அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். ரப்பரை எடுத்த அந்தப் பெண்ணும்கூட.