மாட்டு வண்டியில் ஏறிய ஆப்பிள்

(ஸ்ரீபெரும்புதூர் வட்டார அறிவியல் ஆசிரியர்கள் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் எனச் சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் உள்ள பகுதி நம்முடையது. நம் மாணவர்களில் பலருடைய அப்பா, அம்மா, அண்ணன், அக்கா அங்கே ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று குழந்தைகளுக்குத் தெரியும். ஆனால் 'கம்பெனி' என்றால் சம்பளம், ஓவர்டைம். 'அறிவியல்' என்றால் பாடப்புத்தகம், பரீட்சை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பல குழந்தைகளுக்குத் தோன்றுவதில்லை. அந்தத் தொடர்பைக் காட்ட, தொழிற்பேட்டைக் கொட்டகையில் உருவான ஒரு செயற்கைக்கோளின் கதையை இன்று சொல்கிறேன். அதன் பெயர் ஆப்பிள்.

முதலில் ஓர் எளிய செயல்பாடு. 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையை மேசை மீது வையுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. நம் உருண்டையின் அளவில் அது ஒரு செ.மீ. கூட இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் இருந்தால், உருண்டையிலிருந்து அதன் தூரம் சுமார் 85 செ.மீ. ஒரு கயிற்றை நீட்டிக் காட்டலாம். அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரமும் ஒன்றே: 23 மணி 56 நிமிடம். ஆகவே நமக்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். இதுதான் புவிநிலைச் சுற்றுப்பாதை. வீட்டுக் கூரையில் உள்ள டிஷ் ஆன்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும் என்பதற்கு இதுவே காரணம்.

1970களில் இந்தியாவுக்குச் சொந்தமாக இப்படி ஒரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் இல்லை. 1975-76இல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. பயன்படுத்தத் தெரிந்துகொண்டோம், கட்டத் தெரிய வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், தன் புதிய ஏரியன் ராக்கெட்டின் சோதனைப் பயணத்தில் கட்டணமின்றி இடம் தர முன்வந்தது. அது சோதனை ராக்கெட் என்பதால் ஆபத்தும் இருந்தது. 1980 மே மாதம் அதன் இரண்டாவது பயணம் தோல்வியில் முடிந்தது. ஆப்பிள் ஏற வேண்டியது மூன்றாவது பயணத்தில்.

ஆப்பிள் திட்டத்தின் இயக்குநர், தமிழகத்தைச் சேர்ந்த ஆர்.எம். வாசகம். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் கொட்டகைகளில், குறைந்த வசதிகளோடு, சுமார் இரண்டே ஆண்டுகளில் இந்தச் செயற்கைக்கோள் உருவானது. எடை சுமார் 670 கிலோ. அதைப் புவிநிலைப் பாதைக்குக் கொண்டு சேர்க்கும் மோட்டார், அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்எல்வி-3 ராக்கெட்டின் நான்காம் நிலையிலிருந்து வடிவமைக்கப்பட்டது. ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் கைகொடுத்தது.

ஆப்பிள் மாட்டு வண்டியில் நிற்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "அவ்வளவு ஏழ்மை, லாரிக்குக்கூட வழியில்லை" என்று பலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல. செயற்கைக்கோளின் ஆன்டெனாவைத் திறந்தவெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. லாரியின் உலோக உடல் ரேடியோ அலைகளை எதிரொலித்து அளவீட்டைக் கெடுத்துவிடும். மரத்தாலான வண்டியில் அந்தத் தொல்லை குறைவு. பக்கத்தில் கிடைத்த பொருளில் சரியானதைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் படத்தை இரக்கத்தோடு காட்டினால் குழந்தைக்கு ஒரு பெருமூச்சு மிஞ்சும். காரணத்தோடு காட்டினால் ஓர் இயற்பியல் பாடம் கிடைக்கும்.

1981 ஜூன் 19 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூவிலிருந்து, மீட்டியோசாட்-2 என்ற ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோளுடன் ஆப்பிள் புறப்பட்டது. ஏவுதல் வெற்றி. ஆனால் விண்வெளியில், சூரிய மின்தகடுகள் இரண்டில் ஒன்று விரியவில்லை. 36,000 கி.மீ. உயரத்துக்கு ஸ்பானரோடு யாரும் போக முடியாது. கிடைத்த குறைந்த மின்சாரத்தில் எதை இயக்குவது, எதை நிறுத்தி வைப்பது என்று தரையிலிருந்தே திட்டமிட வேண்டியிருந்தது.

அப்படியே ஆப்பிள் 27 மாதங்கள் உழைத்தது. 1981 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் இந்திரா காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கிழக்குத் தீர்க்கரேகை 102 பாகையில் நின்றபடி தொலைக்காட்சி அஞ்சல், வானொலி இணைப்பு, கணினிகளுக்கிடையே தகவல் பரிமாற்றம் எனப் பல சோதனைகளுக்கு உதவியது. அமெரிக்காவில் கட்டி வாங்கிய இன்சாட்-1ஏ, 1982 ஏப்ரலில் ஏவப்பட்டு செப்டம்பரிலேயே செயலிழந்தது. அப்போதும் ஒற்றைத் தகட்டோடு ஆப்பிள் இயங்கிக்கொண்டிருந்தது. 1983 செப்டம்பர் 19 அன்று அதன் பணி முடிந்தது. அங்கே பெற்ற அனுபவத்தின் தொடர்ச்சியாக, 1992இல் இந்தியாவிலேயே கட்டிய இன்சாட்-2ஏ பறந்தது. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது.

இதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்? தொடக்க வகுப்புக் குழந்தைகளிடம், தெருவில் உள்ள டிஷ்களெல்லாம் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று எண்ணி வரச் சொல்லுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் தெற்கு அல்லது தென்கிழக்கு. ஏன் வடக்கே ஒன்றுகூட இல்லை என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். உயர்நிலை வகுப்பில் ஒரு கணக்கு: சிக்னல் மேலே போய்க் கீழே வர 72,000 கி.மீ.; ஒளியின் வேகம் வினாடிக்கு 3,00,000 கி.மீ.; ஆகவே 0.24 வினாடி. செயற்கைக்கோள் வழி நேரலையில் செய்தியாளர் சற்றுத் தாமதித்துப் பதில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் செய்யலாம். வீட்டில் கம்பெனிக்குப் போகிறவர்களிடம், "உங்கள் வேலையில் எதையாவது சோதித்துப் பார்ப்பீர்களா? எப்படி?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வெல்டிங் சோதனை, கசிவுச் சோதனை, அளவுக் கருவி என்று பதில்கள் வரும். பீன்யா கொட்டகையில் நடந்ததும் அதே வகை வேலைதான் என்று அப்போது சொல்லுங்கள். தன் அம்மா தினமும் செய்யும் வேலையில் அறிவியல் இருக்கிறது என்று ஒரு குழந்தை அறிந்துகொண்டால், பாடப்புத்தகம் அதற்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடும்.